இதயத்துக்கு அறுவை சிகிச்சை, அடி வாங்கியது சிறுநீரகம்: ஏன்?

"ஹார்ட்டுக்குத்தானே ஆபரேஷன் பண்ணீங்க? கிட்னியை யாரு தொட்டா?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. பெரியப்பாவுக்குப் பைபாஸ் முடிந்து மறுநாள் காலை. இதயம் நன்றாக இயங்குகிறது, ஆனால் சிறுநீர் சரியாக இறங்கவில்லை, இப்படியே போனால் டையாலிசிஸ் வைக்க வேண்டியிருக்கும், அதற்குக் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டாக்டர் நம் பெண்தான், வயது முப்பதுகூட இருக்காது. "கிட்னியை யாரும் தொடலம்மா. ஆபரேஷன் நேரத்துல அதுக்குப் போற ரத்தம் குறைஞ்சிருக்கு. அப்புறம் திரும்பி வந்துச்சு. அதுல அடிபட்டிருக்கு" என்றார்.

"ரத்தம் திரும்பி வந்தா நல்லதுதானே?"

உள்ளே யாரோ கூப்பிட, டாக்டர் போய்விட்டார். பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி பதில் இல்லாமல் என்னிடம் தங்கிவிட்டது. தமிழ் படித்துவிட்டு நிருபரானவனுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் வார்டு வாசலில் காத்திருக்கும்போது படிக்க நேரம் இருந்தது. பிறகு சிறுநீரக மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதே கேள்வியோடு நம் குடும்பங்கள் பல அந்த வாசலில் நின்றிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேல்மாடிக் குழாயின் நிலை

எங்கள் பாட்டி சிறுநீரகத்தைக் குண்டிக்காய் என்றுதான் சொல்வார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம். இரண்டும் சேர்ந்தும் நம் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டுக்கும்தான் போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

அதிகச் சக்தி செலவாவது வடிகட்டுவதில் அல்ல, திரும்பச் சேர்ப்பதில். உப்பையும் சர்க்கரையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே இழுக்க, சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுற்றியுள்ள செல்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. அதற்குப் பிராணவாயு வேண்டும். ஆனால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி அதன் வெளிப்புறத்துக்கே போகிறது. உட்புறத்துக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அங்குள்ள செல்கள் எப்போதும் 'போதும் போதாது' என்ற எல்லையில்தான் வாழ்கின்றன.

ஜெலுத்தோங்கில் பழைய அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் கீழ்வீட்டில் தெரியாது. மேல்மாடிக் குழாய்தான் முதலில் நிற்கும். உடலில் ரத்த அழுத்தம் விழும்போது அந்த மேல்மாடி, சிறுநீரகத்தின் உட்புறம்.

பைபாஸ் சிகிச்சையின்போது பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவிட்டு, ஓர் இயந்திரத்தின் வழியாக ரத்தத்தை ஓட விடுவார்கள். அந்த ஓட்டத்தில் இயற்கையான துடிப்பு இல்லை. அழுத்தம் ஏறி இறங்கும். பிளாஸ்டிக் குழாய்களில் படும் ரத்தத்தில் எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொள்ளும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நூற்றில் 20 முதல் 30 பேருக்கு ஏதாவது ஓர் அளவில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது லேசாக வந்து தானாகச் சரியாகிவிடும். டையாலிசிஸ் வரை போவது மிகச் சிலருக்குத்தான். அந்தச் சிலரில் என் பெரியப்பாவும் ஒருவர்.

ரத்தம் நின்றால் ஓர் அடி, திரும்பி வந்தால் இன்னோர் அடி

பிராணவாயு நின்றதும் செல்லின் சக்தி தீர்ந்துபோகிறது. உப்பை வெளியே தள்ளும் இயந்திரம் நிற்கிறது. உப்பு உள்ளே தேங்க, அதன் பின்னால் தண்ணீரும் நுழைந்து செல் ஊதிப்போகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தச் செல்கள் சுவரிலிருந்து பெயர்ந்து நுண்குழாய்க்குள் விழுந்து, சாக்கடையில் குப்பை அடைப்பதுபோல் அடைத்துக்கொள்கின்றன. இது முதல் அடி.

இனிதான் பெரியம்மாவின் கேள்வி. ரத்தம் திரும்பும்போது பிராணவாயு ஒரேயடியாக வந்து இறங்குகிறது. பட்டினி கிடந்த செல்களில் சக்சினேட் என்ற பொருள் குவிந்து கிடக்கும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் தலைமையில் 2014-இல் வந்த ஆய்வு இதை விளக்கியது: பிராணவாயு வந்ததும் குவிந்திருந்த அந்தப் பொருள் சட்டென்று எரிகிறது. அந்த எரிப்பில் கட்டுக்கடங்காத மூலக்கூறுகள் கிளம்பி, எஞ்சியிருக்கும் செல்லின் சுவரையே அரிக்கின்றன. பசியால் வாடிக் கிடந்தவனுக்கு ஒரேயடியாக விருந்து வைத்த கதைதான்.

அடிபட்ட செல்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவை வருவது துப்புரவு செய்யத்தான். ஆனால் கிருமி எதுவும் இல்லாத இடத்திலும் கிருமியைக் கொல்லும் ஆயுதங்களையே வீசுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் வீங்குகிறது, வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய குழாயில் ரத்தம் ஓடினாலும் உள் சந்துகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. இதைத்தான் அழற்சி என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் அழல், அதாவது நெருப்பு இருக்கிறது. மருத்துவத் தமிழில் பொருளைச் சரியாகப் பிடித்த சொற்களில் இதுவும் ஒன்று என்பேன்.

ஆக, பெரியம்மா கேட்டதற்குப் பதில்: ரத்தம் திரும்பி வராவிட்டால் சிறுநீரகம் செத்துவிடும். திரும்பி வந்தால் பிழைக்கும், ஆனால் வரும் வழியில் கொஞ்சம் எரித்துவிட்டுத்தான் வரும்.

இதில் ஆறுதலான விஷயம் ஒன்றும் உண்டு. நுண்குழாய்களில் பிழைத்த செல்கள் பிரிந்து பெருகி, இறந்த இடங்களை நிரப்பக்கூடியவை. சில நாள் முதல் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டும் வேலைக்கு வருவது அதனால்தான். இடையில் டையாலிசிஸ் செய்வது அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுக்க. "டையாலிசிஸ் வச்சிட்டா ஆயுசுக்கும் வைக்கணும்" என்று பெரியம்மாவிடம் சொன்ன உறவினர்கள் நான்கு பேர். தற்காலிக டையாலிசிஸ் வேறு, நிரந்தர டையாலிசிஸ் வேறு. இந்தப் பயத்தால் கையெழுத்துப் போடத் தயங்கும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிக்குத்தான் நட்டம்.

படகுத்துறையும் லண்டன் குண்டுவீச்சும்

இது அறுவை சிகிச்சை மேசையில் மட்டும் நடப்பதல்ல. பினாங்கு மக்களுக்கு 31.7.1988 மறக்க முடியாத நாள். பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறை சரிந்து 32 பேர் இறந்தனர், 1,600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இப்படிப்பட்ட இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில நாளில் சிறுநீர் நின்று இறந்துபோவதை மருத்துவ உலகம் தெளிவாகப் பதிவு செய்தது 1941-இல். லண்டனில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் சிக்கியவர்களைப் பார்த்த எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இருவர் அதை எழுதினார்கள். நசுங்கிய காலுக்குள் ரத்தம் நின்றிருக்கும். பாரத்தைத் தூக்கியதும் ரத்தம் ஓடத் தொடங்கி, சிதைந்த தசையின் கழிவைச் சிறுநீரகத்தில் கொண்டு போய்க் கொட்டும். அதனால்தான் இன்று, முடிந்தால் பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே நரம்பில் உப்புநீர் ஏற்றத் தொடங்க வேண்டும் என்று மீட்புக் குழுக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதைவிடச் சாதாரணமானது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. டெங்கியில் ரத்தத்தின் நீர் குழாயை விட்டுக் கசிந்துபோவது. சாலை விபத்தில் ரத்தம் இழப்பது. காலில் ஆறாத புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து அழுத்தம் விழுவது. தைப்பூசத்தன்று விரதத்தோடு காவடி தூக்கி, வெயிலில் தண்ணீர்மலை வரை நடந்து போகும் பக்தருக்கும், உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையத்தான் செய்யும். இளைஞராக இருந்தால் ஒரு நாள் ஓய்வில் சரியாகிவிடும். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது.

மருந்து உண்டா?

குறுக்கு வழி எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. எலியில் வேலை செய்த மருந்துகள் ஏராளம். மனிதனில் அவை ஒவ்வொன்றாகத் தோற்றிருக்கின்றன.

சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டும் என்று பல ஆண்டுகள் சிறிய அளவில் டோபமின் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 328 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வு, அதனால் பலன் இல்லை என்று காட்டியது. ஆஞ்சியோகிராம் சாயத்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்று நம்பிய அசிட்டில்சிஸ்டைன் மாத்திரையும் ஏறத்தாழ 5,000 பேரிடம் சோதித்த பிறகு 2018-இல் கைவிட வேண்டியதாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, இப்படி மூன்று தடவை. கைக்குக் கிடைத்த சிறு 'பட்டினிப் பயிற்சி' மற்ற உறுப்புகளையும் தயார்ப்படுத்தும் என்பது எண்ணம். ஜெர்மனியில், சிறுநீரகப் பாதிப்புக்கு அதிக வாய்ப்புள்ள 240 பேரிடம் செய்தபோது, பாதிப்பு 52.5 விழுக்காட்டிலிருந்து 37.5-ஆகக் குறைந்தது. காசில்லாத வைத்தியம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அதே 2015-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2024-இல் இன்னொரு செய்தி: இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,511 பேரில், அமினோ அமிலத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 26.9 விழுக்காட்டினருக்கும் ஏற்றப்படாதவர்களில் 31.7 விழுக்காட்டினருக்கும் பாதிப்பு வந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் டையாலிசிஸ் தேவைப்பட்டவர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை.

உண்மையாகவே வேலை செய்த ஒன்று, குளிர். மாற்றுச் சிறுநீரகத்தில் அதைப் பார்க்கலாம். உடல் சூட்டில் ரத்தம் இல்லாமல் அரை மணி நேரம் தாண்டினாலே அறுவை மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். அதே சிறுநீரகத்தைத் தகுந்த திரவத்தால் கழுவி 4 டிகிரியில் பனிக்கட்டியில் வைத்தால் ஒரு நாள் வரைகூடத் தாங்கும். குளிரில் செல்லின் பசி அடங்கிவிடுகிறது. மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. இன்றும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் நடக்கிறது. பினாங்கில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் தானம் செய்தால், அந்த உறுப்பு 350 கிலோமீட்டர் தாண்டி உயிரோடு போவது அந்தக் குளிரால்தான். ஆனால் நடமாடும் மனிதரைப் பனிக்கட்டியில் வைக்க முடியாதே.

பெரியப்பாவின் பிளாஸ்டிக் பை

மருந்து இல்லை என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள் அல்ல. அடியைத் தாங்கும் நிலையில் சிறுநீரகத்தை வைத்திருப்பதுதான் இன்று நம்மிடம் உள்ள பாதுகாப்பு. அதில் பாதி மருத்துவமனையின் கையில்: அழுத்தத்தை விழவிடாமல் பார்ப்பது, திரவத்தை அளந்து கொடுப்பது, மணிக்கு மணி சிறுநீரை அளப்பது. எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டர் என்பது கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே ஆறு மணி நேரம் நீடித்தால் அதுவே எச்சரிக்கை. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏற ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். சிறுநீர்ப் பை முன்னதாகவே சொல்லிவிடும்.

மீதிப் பாதி நம் கையில். டையாலிசிஸ் தொடங்கிய அன்று மாலை, துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. உள்ளே முட்டிவலி மாத்திரைகள். பத்து வருடமாக லாரி ஓட்டியபோது ஆரம்பித்த பழக்கம், ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம்வரை விழுங்கியிருக்கிறார். "என்ன மருந்து எடுக்கிறீங்க" என்று தாதி கேட்டபோது கிளினிக் மருந்தை மட்டும் சொல்லியிருக்கிறார். கடையில் வாங்குவது அவர் கணக்கில் மருந்தே இல்லை.

டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வாசலைத் திறந்து வைத்திருக்கும் பொருளை உடலில் சுரக்கவிடாமல் செய்கின்றன. சாதாரண நாளில் பலருக்கு அது தெரியாது. அழுத்தம் விழும் நாளில்தான் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். பெரிண்டோபிரில் போன்ற ரத்தக் கொதிப்பு மருந்து வெளியேறும் வாசலைத் தளர்த்தும். நீர் பிரிக்கும் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கும். கடைசி இரண்டும் டாக்டர் காரணத்தோடு கொடுப்பவை, நல்லவை. அவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்து, உடலில் நீரும் வற்றினால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடைப்பு. டெங்கி என்று சந்தேகம் இருந்தாலே இந்த வகை வலி மாத்திரை கூடாது, ரத்தக் கசிவு அபாயமும் இருப்பதால்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாளில் கொதிப்பு மருந்தையும் சில இனிப்பு நீர் மருந்துகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. எதை, எத்தனை நாள் என்பதை நல்லபடியாக இருக்கும்போதே கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். "தண்ணீர் நிறையக் குடிச்சா கிட்னி கழுவிடும்" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் பலவீனமானவருக்கு அதுவே மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

பூனைமீசை கஷாயம் பற்றியும் கேட்பீர்கள். மிசாய் கூச்சிங் என்று நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பதுதான். மிண்டெனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தச் செடியை நெடுநாளாக ஆராய்கிறது. அழற்சியைக் குறைக்கும் தன்மை சோதனைக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சோர்ந்திருக்கும்போது பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். குடிப்பவர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத ஜாமு பொட்டலம் வாங்குவது இன்னும் மோசம். அப்படிப்பட்டவற்றில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்து

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நாம் மறந்துவிடுவது இந்தப் பகுதியைத்தான். அழற்சி அடங்கினாலும், சில இடங்களில் செல் முளைக்காமல் தழும்பு விழுந்துவிடும். அந்தத் தழும்பு வலிக்காது. பல ஆண்டுகள் கழித்து நிரந்தரச் சிறுநீரக நோயாக எழுந்து நிற்கும். அதனால் மூன்று மாதத்தில் ரத்தமும் சிறுநீரும் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். நம் நாட்டில் 2011-இல் பெரியவர்களில் 9.07 விழுக்காட்டினருக்கு இருந்த நாள்பட்ட சிறுநீரக நோய், 2018-இல் 15.48 விழுக்காடாகிவிட்டது. அவர்களில் தமக்கு அந்த நோய் இருப்பது தெரிந்தவர்கள் நூற்றில் ஐந்து பேர்தான். இனிப்பு நீரில் இந்தியர்கள்தான் முன்னணியில் இருக்கிறோம் என்பதைத் தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்குத்தான் இந்த அடி பலமாக விழும்.

பெரியப்பாவுக்கு இரண்டு தடவை டையாலிசிஸ் போதுமானதாக இருந்தது. ஐந்தாம் நாள் சிறுநீர் தானாக இறங்கியபோது, தாதி பையைத் தூக்கிக் காட்டினார். பெரியம்மா அதைப் பார்த்து அழுதார். மஞ்சள் தண்ணீரைப் பார்த்து ஒருவர் ஆனந்தக் கண்ணீர் விடுவதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மாதப் பரிசோதனைக்கு அவர் கிளம்பவில்லை. "அதான் நல்லா இருக்கேனே" என்றார். பெரியம்மாதான் கிராப் அழைத்து, அடையாள அட்டையையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். கிரியேட்டினின் 131 வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் 98. பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் பெரியம்மா எழுதி வைக்கிறார். முட்டிவலிக்கு டாக்டர் பாரசிட்டமாலும் உடற்பயிற்சியும் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்கு அது போதவில்லையாம். இழுப்பறையை வாரம் ஒரு தடவை பெரியம்மா திறந்து பார்த்துக்கொள்கிறார்.